திங்கட்கிழமை எடை

போடியில் என் தராசை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை, இன்ஸ்பெக்டர் சார். இருபத்தாறு வருடமாக ஏலக்காய் வாங்கி விற்கிறேன். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைகளை, கொண்டுவந்தவர்கள் கண் முன்னாலேயே எடை போடுவேன்.

என் மகள் முத்துப்பிரியா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். குண்டாகிவிடுவோம் என்ற பயம். தேனியில் மனநல டாக்டர் கற்பகம் மேடத்திடம் காட்டினோம். பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம் என்றார். எங்களோடு உட்கார்ந்து, நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். அவள் பயப்படும் பண்டங்களில் வாரம் ஒன்றைத் தட்டில் வைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் எடை. தராசுக்கு முதுகைக் காட்டித்தான் அவள் நிற்பாள். எடையை நான் மட்டும் பார்த்து மேடத்துக்கு அனுப்ப வேண்டும். அவளிடம் சொல்லவே கூடாது, ஏறிவிட்டது என்று தெரிந்தால் பயந்து சாப்பாட்டை விட்டுவிடுவாள் என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு எல்லையும் வைத்தார். அதற்குக் கீழே போனால் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும்.

நல்ல பலன் இருந்தது சார். நான்காவது வாரம் கடலைச் சட்னி தொட்டு இரண்டு தோசை சாப்பிட்டாள். என் மனைவி ஜக்கம்மாள் அடுப்படிக்குள் போய் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

பிறகு பிரியாவுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த திங்கட்கிழமை எல்லைக்கு அரைக் கிலோ கீழே இருந்தாள். அவளுக்குப் பேசி முடித்த தேவாரத்து மாப்பிள்ளை வீட்டில் ஐப்பசியில் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஊருக்கே தெரிந்துவிடும். எடை ஏறியிருப்பதாக அனுப்பினேன்.

பிரியா மேடத்தோடு தனியாகவும் போனில் பேசுவாள். இளைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நான் மாட்டிக்கொள்வேன். இரண்டு இடத்தில் இரண்டு எடை சொல்லக் கூடாது என்பது வியாபாரத்தில் படித்தது. அதனால் அவளிடமும் சொன்னேன்.

"எடை ஏறியிருக்கு ஆத்தா."

"நெசமாவாப்பா?"

"தராசு பொய் சொல்லுமா?"

அன்று மதியம் சோற்றில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டாள். அடுத்த வாரம் இன்னும் குறைந்திருந்தாள். இன்னும் ஏறியதாக இரண்டு பேரிடமும் சொன்னேன். சீசன் சோலி என்று தேனிக்குக் கூட்டிப் போவதையும் தள்ளிப்போட்டேன்.

"புள்ள கையி குச்சியா கெடக்கு. நீங்க ஏறுது ஏறுதுங்கிறீக" என்றாள் ஜக்கம்மாள்.

"மிஷினவிட ஒனக்கு நல்லாத் தெரியுமோ?" என்றேன்.

கடைசித் திங்கட்கிழமை தோளைப் பிடித்துத்தான் தராசில் ஏற்றினேன். ஐம்பது கிலோ ஏலக்காய் மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள். எல்லைக்கு மேலே ஐந்து கிலோ என்று மேடத்துக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை அவள் இருதயம் நின்றுவிட்டது.

சொன்னால் சாப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏழு திங்கட்கிழமையும் சொன்னேன். கல்யாணம் முடிந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். களைத்துப்போய்விட்டேன் சார், இதற்கு மேல் எதையும் மறைக்கத் தெம்பில்லை.

அந்தக் கடைசித் திங்களும் நான் எடையைச் சொன்னதும், அவள் சுவரைப் பார்த்தபடியே அழுதாள். எடை ஏறிய சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஜக்கம்மாளிடம் சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.