காற்றுக்கு ஒரு பங்கு

— நேத்து சொன்னதேதான், ரோசலின். உனக்கு வர்ற டிப்ஸ்ல மூணுல ஒரு பங்கு காத்துக்கு.

— நேத்து எனக்குச் சரியா விளங்கலை, கேப்டன். எந்தக் காத்துக்கு?

— இதோ வீசுதே, இதுக்கு. கண்ணை மூடிப் பாரு. குடிக்க வர்றவங்க ஞாபகத்துக்குன்னு கூரையில குத்திவெச்ச டாலர் நோட்டெல்லாம் இலை மாதிரி சலசலக்குது. டூரிஸ்ட் கப்பல்ல வர்றவன் நம்ம பார்ல வந்து உக்காந்ததும் பாதிக் கனவுக்குப் போயிடறான். அந்தச் சொக்குலதான் உனக்கு இருபது டாலரை நீட்டறான். நீ சரக்கு கலக்கற கைப்பக்குவத்துக்குன்னு நினைச்சியா?

— பன்னெண்டு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்.

— பாவம்.

— நீங்க குடுக்கிற சம்பளம் பஸ்ஸுக்கும் சோப்புக்கும் சரியாப் போகுது. வீட்டு வாடகை டிப்ஸ்லதான். அதுல மூணுல ஒண்ணு போனா, நானும் என் பொண்ணும் படகுத்துறைக் கட்டையில பெலிக்கன் பறவைங்களோட உக்கார வேண்டியதுதான்.

— அருமையான இடம். அங்கேயும் காத்து வரும்.

— அதுக்கும் பங்கு உண்டா?

— கிண்டல் பண்ணாதே. முப்பது வருஷம் கடல்ல கிடந்தவன் நான். காத்தோட மனசு எனக்குத் தெரியும்.

— கரையில கட்டிக் கிடக்கிற உங்க படகு ஒரு நாளும் கயிறு அவுத்ததில்லையாமே. என்கூட வேலை பாக்கற ரமோனா சொன்னா. மேற்குப் பக்கத்து மேசைங்க அவளோடதுன்னு, அந்தி வெயிலுக்கு அவகிட்ட தனியா வாங்கறீங்களாம். இந்தக் கீ வெஸ்ட் தீவுல சூரியன் எல்லாருக்கும்தானே மறையுது?

— மறையுது. ஆனா எங்கிருந்து பாக்கறாங்க? என் பாரோட மரத்தளத்துலேர்ந்து. நாமெல்லாம் ஒரே குடும்பம், ரோசலின். குடும்பத்துல கணக்குப் பாக்கலாமா?

— நான் குடுக்கலேன்னா?

— நாளைக்குப் பெரிய கப்பல் வருது. உன் இடத்துல வேற யாராவது நிப்பாங்க. அவ்வளவுதான்.

— சரி, குடுக்கறேன். ஆனா எழுதிக் குடுங்க. காத்து உங்களோடதுன்னு எழுத்துல பாத்தா எனக்கும் மனசு ஆறும்.

— இவ்வளவுதானே? எழுதறேன், கேட்டுக்கோ. ‘வடக்குத் தூண் முதல் தெற்குத் தூண் வரை, இந்தத் தளத்தில் வீசும் காற்று முழுவதும், அதனால் விளையும் யாவும் என் உடைமை. கேப்டன் ஹார்லன் பிக்கெட்.’ எப்படி?

— கவிதை மாதிரி இருக்கு. தேதி?

— போட்டாச்சு. இந்தா, வெச்சுக்கோ.

— நேத்து சாயங்காலம் நம்ம நிழற்குடை பறந்துபோய் ஒரு வக்கீலோட படகுக் கண்ணாடியை நொறுக்கிச்சே, அது என்னாச்சு, கேப்டன்?

— பதினோராயிரம் டாலர் கேட்டான். ‘அடிச்சது காத்து. காத்து கடவுளோடது. அவர்கிட்டப் போய்க் கேளு’ன்னேன். வந்த வழியே போயிட்டான்.

— இன்னிக்குக் காலையில அந்த வக்கீல் திரும்ப வந்திருந்தாரு. நீங்க காத்துக்குப் பங்கு கேட்டதைச் சொன்னேன். இலைகூட அசையலை. ஆனாலும் எனக்கு ஐம்பது டாலர் டிப்ஸ் வெச்சுட்டு, உங்ககிட்ட என்ன எழுதி வாங்கணும்னும் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு.