வேகவதியின் தோழி

ஜெபகுமார் சார், எனக்கு விளையாட்டில் எந்த நாளும் ஆசை இருந்ததில்லை. சின்ன வயதில் கேரம் போர்டு கிடைத்தால்கூடக் காய்களை அடுக்கி வைக்கத்தான் பிடிக்கும். நேற்று டீக்கடை வாசலில் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். அக்ஷயா யார் என்பது ஒன்று. இன்னொன்றுக்குக் கடைசியில் வருகிறேன். நேரில் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அக்ஷயாவைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குத் திருப்பதியிலிருந்து பெண்களை ஏற்றிப் போகும் பஸ்களுக்கு நான் பொறுப்பு. விடிகாலையில் அவர்களோடு கிளம்பி, தடாவில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீசில் உட்கார்ந்தால் மூன்று மணிக்குத் திரும்பும் வரை எனக்குப் பெரிதாக வேலை கிடையாது. வீட்டில் தங்கை விஷ்ணுப்ரியா. இருபத்தேழு வயது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சந்திரகிரி ரோட்டில் ஸ்கூட்டர் சரிந்து முதுகில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஸ்கூட்டரை ஓட்டியவன் நான்.

கோயிலில் பிரபந்தம் சேவித்துக்கொண்டிருந்த அப்பா அப்போதே இல்லை. அம்மாவும் அடுத்த வருஷம் போய்விட்டாள். பகலில் பொன்னியம்மா வந்து பார்த்துக்கொள்வாள். காலையிலும் மாலையிலும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு ப்ரியாவைத் தூக்குவது நான்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொடுத்து அந்த விளையாட்டை அதில் போட்டுக்கொடுத்தவனும் நான்தான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உலாவும் மாய தேசம் அது. உள்ளே போகுமுன் நமக்கென்று ஓர் உருவம் செய்துகொள்ள வேண்டும். எல்லாப் பெண்களும் முகத்துக்குத்தான் நேரம் செலவழிப்பார்களாம். ப்ரியா முகத்தைப் பார்க்கவேயில்லை. "கால் நன்னா தடியா இருக்கணும்ண்ணா" என்று சொல்லி, இருப்பதிலேயே உறுதியான காலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். வேகவதி என்று பெயர் வைத்தாள். காஞ்சிபுரத்து ஆற்றின் பெயர்.

முதல் நாள் அவள் சண்டை போடவில்லை, பொருள் தேடவில்லை. ஓடினாள். புல்வெளி முடியும் வரை ஓடி, அங்கிருந்து மணலில் ஓடி, ஒரு மரப்பாலத்தில் ஏறி நின்றாள். "அண்ணா கேளேன், புல்லுல ஒரு சத்தம், மணல்ல ஒரு சத்தம், பலகையில ஒரு சத்தம்" என்றாள். நிஜத்தில் தனக்கு அது மறந்துபோய்விட்டது என்றாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நான் அழுதேன்.

அங்கே நாளுக்கு நான்கு முறை சூரியன் உதிக்கும். மழை பெய்யும், யாரும் நனையமாட்டார்கள். செத்தால் ஒரு சுடுகாட்டில் ஆவியாக எழுந்து, நம் உடம்பு கிடக்கும் இடத்துக்கு நடந்து போய் அதில் புகுந்துகொள்ள வேண்டும். முதல் தடவை ஒரு கரடி அடித்து அவள் செத்தபோது கைகொட்டிச் சிரித்தாள். "இங்க செத்தாக்கூட நடக்கலாம் போலருக்கே" என்றாள்.

நானும் ஓர் உருவம் செய்துகொண்டு அவளோடு போனேன். பக்கத்திலேயே ஓடினேன். பள்ளம் வந்தால் சொன்னேன், மிருகம் வந்தால் முன்னால் பாய்ந்தேன். நான்காம் நாள் அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இங்கயாவது நீ என்னைத் தூக்காம இரேன்ண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சரி என்று விலகிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்ஷயா வந்தாள்.

சோளிங்கர் பக்கத்துப் பெண். ஸ்ரீசிட்டியில் போன் உதிரிபாகம் செய்யும் இடத்தில் இரவு ஷிப்ட், தடாவில் ஹாஸ்டல். அதனால் காலை நேரத்தில்தான் விளையாட வருவாள். அவளைச் செய்ய எனக்குக் கஷ்டமே இல்லை. பஸ்ஸில் தினமும் நாற்பது பெண்கள் என் காதுபடப் பேசிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் வீட்டுப் பேச்சு வேறு. ஆனால் கேட்டுக் கேட்டு அதுவும் எனக்கு வந்துவிட்டது. "இன்னாடி வேகவதி, துன்னியா? நான் இப்பதான் ஷிப்ட் முட்ச்சிக்கினு வரேன், ஹாஸ்டல் சாம்பார வாய்ல வைக்க முடில" என்று தட்டினேன். அந்தப் பக்கம் ப்ரியா சிரித்திருப்பாள். தடாவில் நானும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஏழு மாதம் நாங்கள் சுற்றாத இடமில்லை. நீல இலைக் காடு, கால் புதையும் சதுப்பு, கொல்லன் ஒருவன் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே நிற்கும் கிராமம். ஒரு மலையில் இடிந்த கோபுரத்துக்குப் படிக்கட்டு போகும். குதிரையில் போகலாம், பறந்தும் போகலாம். ப்ரியா ஒவ்வொரு படியாக நடந்து ஏறினாள். அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்து திருமலை ஏறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள்தானே. உச்சிக்குப் போனதும், கை கூப்ப எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று அக்ஷயாவைக் கேட்டாள். அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்தும் நான் வெகுநேரம் தேடினேன். அந்த ஏழு மாதத்தில் நான் நல்லவனாக இருந்தேன் சார். என்னிடம் யாரோ சிரித்துப் பேசினார்கள்.

பிறகு அவள் தனியாகப் போக ஆரம்பித்தாள். மலைக் கணவாய்க்கு அப்பால் ஒரு துறைமுகம் உண்டு. அங்கே கப்பல் ஏறினால் வேறு கண்டம், வேறு ஆட்கள். அந்தக் கணவாயில் விளையாடுகிறவர்கள் ஒருவரையொருவர் வெட்டலாம். முரட்டு ஆட்கள் திரிவார்கள். வேறு யாராவது செய்வதற்கு முன்னால் நான் செய்வது நல்லது என்று பட்டது. மூன்றாவதாக ஒருவனை உருவாக்கினேன். அவனைப் பலசாலியாக்க ஒரு மாதம் பிடித்தது. கணவாயில் நிறுத்தி, ப்ரியா தனியாக வந்த நான்கு தடவையும் அவளை வெட்டினேன். ஐந்தாவது தடவை அவள் போகவில்லை. "அக்ஷயா, நீ வந்தப்புறமே போலாம்" என்று எழுதினாள். அதுதான் பாதுகாப்பு.

மற்றபடி என்னிடம் சொல்லாததையெல்லாம் அக்ஷயாவிடம் சொன்னாள். "எங்கண்ணா பாவம். என்னாலதான் அவனுக்குக் கல்யாணமே ஆகலை. நான் எங்கேயாவது போயிட்டா அவன் கொஞ்சம் சிரிப்பான்" என்று ஒருநாள் எழுதினாள். தடாவில் லாரிச் சத்தத்துக்கு நடுவில் அதைப் படித்தேன். அடுத்த வரியில் வேலூரில் உங்கள் மையத்துக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாக இருந்தது. ஆறு மாதம் தங்க வேண்டும், சக்கர நாற்காலியில் தானாக ஏறி இறங்க, சமைக்க, பஸ் பிடிக்கச் சொல்லித்தருவார்கள், பிறகு வேலையும் கிடைக்கும் என்று நீங்கள் போனில் சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதியிருந்தாள்.

அண்ணனாக நான் தடுக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "போ ப்ரியா, என்னைப் பத்தி யோசிக்காதே" என்றேன். பெட்டி வாங்கினேன். இரண்டு புது நைட்டி, பவுடர், அவளுக்குப் பிடித்த நார்த்தங்காய் எல்லாம் எடுத்து வைத்தேன். பொன்னியம்மாகூட, "இந்த மாரி அண்ணன் யாருக்குக் கெடைப்பான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அக்ஷயா தன் சித்தி பெண்ணைப் பற்றி எழுதினாள். இதே மாதிரி ஒரு மையத்துக்குப் போனாளாம். புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லாமல் முதுகெல்லாம் புண்ணாகி, மூன்றாம் மாதம் செத்துப்போனாளாம். "எங்க நைனா போய்த்தான் தூக்கிக்கினு வந்தாரு. வேணான்டி, உன் அண்ணன் மாரி யார் பார்ப்பாங்க" என்று முடித்தேன். அக்ஷயா போக வேண்டாம் என்கிறாள், அதனால் வரமாட்டேன் என்று ப்ரியா உங்களிடம் சொன்னது இதனால்தான். நீங்கள் விடாமல் அவளைக் கூப்பிட்டீர்கள். மனசு அலைபாய்கிறது, இவர் எண் வராமல் செய்துவிடு என்று அவளே தன் போனை என்னிடம் தந்தாள். செய்துவிட்டேன். அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் அவளுக்கு அக்ஷயாவைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பொன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு கார் வைத்துத் தடாவுக்கு வருகிறேன் என்று நாள் குறித்தாள். ஐந்து வருஷத்தில் அவளாக வெளியே கிளம்புவது அதுதான் முதல் தடவை. என்ன புடவை கட்டட்டும் என்று அக்ஷயாவையே கேட்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அக்ஷயாவின் அறைத்தோழி சுஷ்மிதா என்ற பெயரில் ஒரு செய்தி அனுப்பினேன். ஹைவேயைக் கடக்கும்போது லாரி மோதிவிட்டது, உடம்பை ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்று எழுதினேன்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ப்ரியா அழவில்லை. "நேக்கு தலைக்கு ஸ்நானம் பண்ணணும்" என்றாள்.

"அவ நம்ம மனுஷா இல்லையேம்மா. நோக்கு ஏது தீட்டு?" என்றேன்.

"நேக்கு உண்டு" என்றாள்.

பொன்னியம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பின்கட்டுக் குழாயடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். மார்கழிக் குளிர். வெந்நீர் வேண்டாம் என்றுவிட்டாள். சொம்பில் மொண்டு நான்தான் ஊற்றினேன். அவள் தலை தண்ணீரில் ஆடி ஆடி முன்னால் தொங்கியது. "அவளுக்கு யாருண்ணா இருக்கா, அம்மா ஒருத்திதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிறக்கவே பிறக்காத ஒருத்திக்காக என் தங்கை தீட்டுக் கழித்தாள், நான் தண்ணீர் ஊற்றினேன். அக்ஷயாவை நானும்தானே இழந்தேன். எனக்கு யாரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றவில்லை.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, நான் வேலூர் போறேன்" என்றாள். "போகாதேன்னு சொல்ல அவ ஒருத்திதான் இருந்தா. நீ போன்னுதானே சொன்னே? எங்க வேணா படுத்துக் கிடக்கேன், புண்ணு வந்தா வரட்டும். நேக்கு இந்த ஆத்துல மூச்சு முட்டறது." வரமாட்டேன் என்று சொன்ன பிறகு உங்களிடம் பேச வெட்கமாக இருக்கிறது, நீயே பேசிவிடு என்றாள்.

அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டேன் சார். வர மறுக்கிறாள் என்று சொன்னால் நீங்கள் மறுபடி கூப்பிடுவீர்கள். நல்ல மனிதர், விடமாட்டீர்கள். அதனால் என் தங்கை விஷ்ணுப்ரியா காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். நீங்கள் போனிலேயே ஜெபம் செய்தீர்கள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. கதவருகே உங்களைப் பார்த்த அதே நேரத்தில் உள்ளேயிருந்து, "யாருண்ணா வந்திருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. உங்களை டீக்கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனதும், அது யார் குரல் என்று கேட்டீர்கள். என் தங்கையின் குரல். அவள் உயிரோடுதான் இருக்கிறாள். அவளைச் சாகடித்ததும் நான், அக்ஷயாவாக இருந்ததும் நான், அக்ஷயாவைச் சாகடித்ததும் நான். எதையும் மறைக்கவில்லை.

சனிக்கிழமைக்குள் நானே அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வண்டியோடு வந்து நீங்கள் சொல்வீர்கள் என்றீர்கள். நியாயம்தான். இன்று காலை சொல்லிவிடலாம் என்றுதான் அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும், "நேத்து வந்தது வேலூர்க்காராதானே? என்னண்ணா சொன்னா?" என்று கேட்டாள். தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

"உன்னை மாதிரி கேஸை எடுத்துக்க மாட்டாளாம்மா" என்றேன்.

அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை, ஸ்கூட்டர் சரிந்த அன்றுகூட. சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து அழுதாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் நான் கிளம்பவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள் மையத்தில் இப்படி யார் சார் உட்காருவார்கள், நீங்களே சொல்லுங்கள்.