பூச்சியத்துக்குப் பத்துத் தட்டு

அளவற்ற அருளாளனின் திருநாமம் சொல்லித் தொடங்குகிறேன்.

இந்த அவைக்கு அணிசேர்க்கும் தலைவர், பாடசாலை அதிபர் பக்கீர் முகைதீன் அவர்களே! பள்ளிவாசல் மரைக்கார்மார்களே! பக்கத்துத் தமிழூர் பாண்டிருப்பிலிருந்து இந்தப் பகல் வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து பந்தலை நிறைத்திருக்கும் பெரியோர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்து, தட்டிக்கு அப்பால் தளராத ஆர்வத்தோடு அமர்ந்திருக்கும் மருதமுனைத் தாய்மார்களே! நமது தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் குரலாய் மட்டுமே வாழ்ந்து, நேற்று மாலையோடு ஓய்வுபெற்று, இன்றுதான் நம்மில் பலருக்கு முகம் காட்டும் விழா நாயகர் நல்லரெத்தினம் ஐயா அவர்களே! அவரது குரலை வீட்டிலும் கேட்டுச் சகித்த துணைவியார் செல்லத்தங்கம் அம்மையார் அவர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் பொழியட்டும்.

ஐயாவின் நேர்மையைப் பற்றி எனக்கு முன்னர் பேசிய மூவரும் பேசிவிட்டார்கள். நான் அவர் செய்த குற்றத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்!

ஏன் திகைக்கிறீர்கள்? செல்லத்தங்கம் அம்மா, நீங்கள் பயப்பட வேண்டாம். நேற்றே ஓய்வுபெற்றுவிட்டார். இனி எந்த அரசாங்கக் கந்தோராலும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்த இப்றாஹிம் நான்கு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்பர்களே! அமெரிக்க நாட்டிலே ஒரு மனிதர் இருந்தார். கண்பார்வை இல்லை, ஆனால் காது இருந்தது. சரியான சுருதியில் ஒரு சீட்டி அடிப்பார். தொலைபேசிக் கம்பி ஏமாந்துபோய்க் காசில்லாமலே தூர தேசத்துக்கு வழி திறந்துவிடும்! காலை உணவுத் தானியப் பெட்டிக்குள் இனாமாகக் கிடைத்த விளையாட்டு விசிலை ஊதி இன்னும் சிலர் அதே வித்தையைச் செய்தார்கள். ஆங்கிலச் சஞ்சிகையில் வாசித்தேன், வாசித்துச் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? விசிலும் இல்லாமல், சீட்டியும் இல்லாமல், ஒற்றை விரலால் தொலைபேசியை வென்றவள் நம் மருதமுனையில் இருக்கிறாள்! அவள் வென்றது யாருடைய பூட்டை? என்னுடைய பூட்டை!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்.

அப்போது நான் நெசவாளர் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்குத் தொலைபேசி வந்ததும், எண் சுற்றும் வட்டின் துளையில் ஒரு சின்னஞ்சிறு பித்தளைப் பூட்டைப் போட்டேன். பூட்டைத் திறக்காமல் வட்டைச் சுற்ற முடியாது. சாவி என் இடுப்பு பெல்ட்டில். ஊரில் எவருக்கும் இல்லாத பெருமை எனக்கு!

எண்பதாம் ஆண்டு, மாசி மாதம், ஒரு முற்பகல். சாவியோடு நான் சம்மாந்துறை வயலில் நெல் சூடடிப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சங்கத்தில் நெய்கிற ஹப்ஸாவின் கைக்குத் தபால்காரர் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். என்ன கடிதம்? அவள் கணவர் காலிதீன் ஏழு வருடமாகக் காத்திருந்த ஆசிரியர் நியமனம்! மூன்று நாளுக்குள் நேரில் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். காலிதீன் எங்கே? கொழும்பில். எதற்கு? காத்திருந்து காத்திருந்து மனம் வெறுத்து, பாலைவனத்தில் கல் சுமக்கப் புறப்பட்டுவிட்டார். பகல் ஒரு மணிக்கு வெளிநாட்டு வேலை ஏஜென்சியிலிருந்து வான் வண்டி விமான நிலையத்துக்குக் கிளம்பும். கிளம்பினால் வேலையும் போயிற்று, மூன்று வருடத்துக்கு மனிதரும் போயிற்று!

தந்தி கொடுத்தால் மறுநாள் சேரும். கணவர் எழுதிக்கொடுத்திருந்த ஏஜென்சி இலக்கத்தோடு அவள் ஓடிவந்து தொலைபேசியின் முன்னால் நின்றாள். பூட்டு அவளைப் பார்த்தது. அவள் பூட்டைப் பார்த்தாள்.

நான் எண் சுற்றும் போதெல்லாம் அந்த வட்டு டிக் டிக்கென்று திரும்புவதைத் தறியிலிருந்தே அவள் எண்ணியிருக்கிறாள். எண்ணுவது நெசவுக்காரிக்கு மூச்சு விடுவது மாதிரி. மூன்று என்றால் மூன்று டிக், ஏழு என்றால் ஏழு டிக். அப்படியானால் ஒலிவாங்கியை வைக்கும்போது அமுங்கும் கட்டையை விரலால் அத்தனை தரம் தட்டினால் என்ன? தட்டினாள். தறி மிதிக்கும் அதே தாளத்தில், பிசகாமல் தட்டினாள்.

பிசகியது ஒரே இடத்தில். கொழும்பு இலக்கம் பூச்சியத்தில் தொடங்கும். நான் கொழும்புக்கு எப்போதும் நிலையத்தில் சொல்லிவைத்துத்தான் கதைப்பேன். ஆகையால் பூச்சியம் சுற்றும் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. நெசவுக் கோலத்தில் வெற்றுக் கட்டம் வந்தால் என்ன செய்வார்கள், தாய்மார்களே? ஓம்! மிதிக்காமல் விடுவார்கள். அவளும் பூச்சியத்துக்குத் தட்டாமல் விட்டாள்! அழைப்பு கொழும்புக்குப் போகாமல் வெளியூர் அழைப்பு எடுத்துக்கொடுக்கும் நமது நிலையத்து ட்றங் மேசையிலேயே போய் விழுந்தது. எடுத்தவர் யார்? இதோ, இவர்!

"ட்றங். ஆரு கதைக்கிற?"

"நான் நெசவுச் சங்கத்து ஹப்ஸா. போனுக்குப் பூட்டுப் போட்டிரிக்கி. தட்டித்தான் எடுத்தன் ஐயா."

பாருங்கள், திருடப் போனவள் விலாசத்தையும் சேர்த்துச் சொல்கிறாள்!

"தட்டுறது குத்தம் தெரியுமா, பிள்ளை?"

"தெரியும் ஐயா. என்ட மனிசன் பிளேன் ஏறப் போறாரு. இஞ்ச நியமனம் வந்திட்டு."

"நான் எடுத்துத் தாறதெண்டா நாலு மணித்தியாலம் செல்லும். வரிசை நிக்கிது."

"ஒரு மணிக்கு வான் போயிரும் ஐயா."

பிறகு ஐயா மெதுவாகக் கேட்டார்: "பூச்சியத்துக்கு எத்தின தட்டுத் தட்டினாய்?"

"பூச்சியத்துக்கும் தட்டுறயா ஐயா?"

"பத்து!" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சபையோரே! அவள் பத்துத் தட்டினாள். பாதை திறந்தது. கொழும்பு பேசியது! ஆனால் காலிதீன் பேசிய பேச்சைக் கேளுங்கள்.

"நீ என்ன மறிக்கிறத்துக்குப் பொய் சொல்றாய் புள்ள."

"பொய் சொல்றதெண்டா மருதமுனைப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லியிருக்க மாட்டனா? பதுளைக்கு அங்கால தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டிரிக்கானுகள்! பொய்க்கு ஆரும் பதுளைக்குப் போவாங்களா?"

மனிதர் அப்போதே பெட்டியை வானிலிருந்து இறக்கினார்!

கதை முடிந்ததா? முடியவில்லை. வயலிலிருந்து திரும்பிய என்னிடம் ஹப்ஸா தானாக வந்து, "செக்கிறட்டரி, உங்கட போனத் தட்டித்தான் கதைச்சன்" என்றாள். என் பூட்டுக்கு வந்த அவமானத்தைத் தாங்குவேனா? கறுவிக்கொண்டு முறைப்பாடு எழுத நேரே நிலையத்துக்குப் போனேன். சாளரத்தில் ஐயா இருந்தார். சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஓம், தட்டினவ. பத்துத் தட்டச் சொல்லிக்குடுத்தது நான்தான். என்ட பேரையும் சேர்த்து எழுதுங்க."

"ஐயா, உங்கட வேலை போயிருமே!"

"போனாப் போகட்டும். அந்தப் பிள்ளைட மனிசன் போகாம நிண்டாரா? அதச் சொல்லுங்க முதல்ல."

பேனா என் கையில் இருந்தது. எழுத்து வரவில்லை. கண்ணீர்தான் வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. யாருடைய மனைவி அவள்? எந்த ஊர், எந்த மார்க்கம், என்ன உறவு? ஒன்றும் கேட்காமல், கண்ணால் காணாத ஒரு குடும்பத்துக்காகத் தன் குடும்பத்தின் சோற்றையே அந்த மனிதர் மேசையில் வைத்தார்! விதிகளைக் காப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம்; மனிதரைக் காக்க ஒருவர் வேண்டாமா? கம்பியை இழுத்தது அரசாங்கம். அந்தக் கம்பிக்குள் கருணையை ஓடவிட்டது யார்? கைதட்டுங்கள்! இன்னும் பலமாக! தட்டிக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும்!

அதிபர் மணியைத் தொடுகிறார். முடித்துக்கொள்கிறேன்.

நல்லரெத்தினம் ஐயா! அன்று வான் ஏறாத அந்த மனிதரை நீங்கள் ஒரு நாளும் கண்டதில்லை. பதுளையிலிருந்து பஸ் ஏறி, ராத்திரித்தான் வந்து சேர்ந்தார். முன்வரிசையில், மடியில் மூன்று வயது மகளோடு இருக்கிறாரே, அவர்தான் காலிதீன் ஆசிரியர். எழும்புங்கள் மாஸ்டர். மகளையும் தூக்கிக்கொண்டே மேடைக்கு வாருங்கள். ஐயா, நன்றாகப் பாருங்கள்: அன்று இவர் போயிருந்தால், இந்தப் பிள்ளை இல்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. மருதமுனைப் பக்கத்தாருக்கு என் ஸலாம், பாண்டிருப்புப் பக்கத்தாருக்கு என் வணக்கம், இரு பக்கத்தாருக்கும் என் அன்பு.