பீங்கான் மாமா

தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது, ஐயா. சில்லென்று குடித்தால் உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்கிறது. பல்லை ராவின பிறகு இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். போகப் போக நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் வந்து உட்காருவேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. "பல்லுக்குப் பயந்து விசில் ஊதாம விட்டுட்டீங்களா?" என்றீர்கள். ஆமாம். எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் கிரேன் ஓட்டுகிற தம்பியை உட்கார வைத்திருக்கிறீர்கள். என் மச்சினன் செத்ததில் அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு பாவமும் அறியாதவன் என்னால் கஷ்டப்படக் கூடாது. எனக்கு அந்த மனசு உண்டு.

ஆனால் பல் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் வீட்டில் பல் என்பது ஒரு கருவி. அப்பா மூட்டை இறக்கினார், அம்மா ஜல்லி சுமந்தாள். கயிற்று முடிச்சை அவிழ்க்க, வயர் உரிக்க, சோடா மூடி திறக்க, எல்லாவற்றுக்கும் வாய்தான். கடப்பாரைக்கு யாராவது பாலிஷ் போடுவார்களா? நானும் அப்படியே வளர்ந்து இரும்புக் குழாய்க் கிடங்கில் சிக்னல்காரன் ஆனேன். கிரேன் ஓட்டுகிறவன் உச்சியில் கூண்டுக்குள் இருப்பான். கீழே நடப்பதில் பாதி அவனுக்குத் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. கீழே நிற்கிற நான்தான் அவனுக்குக் கண். இரண்டு கையும் சைகைக்கு வேண்டும் என்பதால், விசிலைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டே நிற்க வேண்டும். எஃகு விசில். வருஷக்கணக்காகக் கவ்வியதில் என் முன்பல் இரண்டிலும் அரைவட்டமாக ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. மிச்சத்தைப் புகையிலை பார்த்துக்கொண்டது. நான் வாயைத் திறந்தால் பாதி எரிந்த வேலி மாதிரி இருக்கும்.

அது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை, போட்டோக்காரர் வருகிற வரைக்கும்.

என் சைகையில் இறங்கின சரக்கால் ஒருத்தனுக்கு ஒரு விரல் நசுங்கியது கிடையாது. அதனால் கிடங்கு வாசலில் பாதுகாப்புப் பலகை வைக்கும்போது என் படத்தைத்தான் போட வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். சுவர் அளவுக்குப் பலகை. 'எனக்காக வீட்டில் காத்திருக்கிறார்கள்' என்று எழுதி, பக்கத்தில் என் சிரிப்பு. தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றேன். போட்டோக்காரர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, வாயை மூடிக்கிட்டுச் சிரிங்க."

வாயை மூடிக்கொண்டு சிரித்துப் பாருங்கள் ஐயா. ஒரு ஆள் பல்வலியை மறைக்கிற மாதிரிதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. மேனேஜர் படத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இன்னொரு நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார். நல்ல மனிதர். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பல் டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போனதே மச்சினன்தான். மனைவியின் தம்பி. அவனும் எங்கள் கிடங்கில்தான் வேலை. குழாய்க் கட்டுக்குச் சங்கிலி மாட்டிக் கொக்கியில் கோர்ப்பவன். எனக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். டன் கணக்கில் இரும்பு தலைக்கு மேலே ஆடும்போது அசையாமல் நிற்கிறவன், அந்த நாற்காலியில் சாய்ந்ததும் கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கினேன். அவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கண்ணை மூடிக்கங்க மாமா, ஒண்ணுமில்ல. டாக்டர், சீக்கிரம் ராவிடுங்க. இவரு பிடிக்கிற பிடியில என் விரல் ஒடிஞ்சிடும் போலிருக்கு."

டாக்டரம்மா சிரித்தார்கள். அவன் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அவனுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு சோளம் நுழையலாம். சிரித்தால் அந்தச் சந்தும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி இருக்கும்.

மேல் வரிசையைப் பென்சில் முனை மாதிரி சீவி, ஜிர்கோனியம் என்கிற கெட்டிப் பீங்கானில் செய்த தொப்பிகளை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். கீழ் வரிசைக்கு வெனீர். நகத்தின் கனத்தில் ஒரு வெள்ளை ஓடு, பல்லின் முன்பக்கம் ஒட்டுவது. நிறம் பார்க்க விசிறி மாதிரி ஒரு அட்டை வைத்திருந்தார்கள். லேசாக மஞ்சளோடிய ஒன்றை என் கன்னத்தோடு வைத்துப் பார்த்து, "உங்க வயசுக்கும் முகத்துக்கும் இதுதான் பொருந்தும்" என்றார்கள். பழைய பல்லுக்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று நான் கடைக்கோடி வெள்ளையைக் காட்டினேன்.

"இது வேணாங்க. முகத்துக்கு முன்னாடி பல்லு வந்து நிக்கும்."

"நிக்கட்டும் டாக்டர்" என்றேன்.

நின்றது. மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க, யாரைக் கடிக்கப் போறீங்க?" என்றாள். நான் கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகினேன். உதட்டை எவ்வளவு விரிப்பது, எங்கே நிறுத்துவது எல்லாம் கணக்குப் பண்ணி வைத்தேன். கிரேனுக்குச் சைகை காட்டுகிறவனுக்கு ஒரு அங்குலம் அரை அங்குலம் பழக்கம்தானே.

கிடங்கில் போய்ச் சிரித்தேன். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் மச்சினன் வாயைத் திறந்தான்.

"மாமா, மூடுங்க, கண்ணு கூசுது. வாஷ்பேசின் கடைக்காரன் பார்த்தா திருட்டுச் சரக்குன்னு புடிச்சுக் குடுத்துடுவான்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நகைச்சுவை நல்ல நகைச்சுவைதான், அதில் எனக்குக் குறை இல்லை. அன்றிலிருந்து எனக்குப் பேர் பீங்கான் மாமா. எனக்குச் சொந்தமில்லாதவனெல்லாம் என்னை மாமா என்றான்.

விசில் விஷயத்துக்கு வருகிறேன். கடினமானதைக் கடிக்கக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது, மூடி திறக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்கள். அதனால் விசிலைக் கவ்வாமல் கழுத்தில் தொங்கவிட்டேன். கிரேன் தம்பி இரண்டொரு தடவை இறங்கி வந்து கேட்டான்.

"என்னண்ணே, விசில் சத்தமே காணோம்?"

"விசில் எதுக்குடா? என் கையைப் பாரு, போதும்."

"நீங்க சொன்னாச் சரிண்ணே" என்று ஏறிப் போய்விட்டான். அவன் மேல் தப்பு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

போட்டோக்காரர் மறுபடி வந்தார். மறுபடி சாயம், மறுபடி இஸ்திரி. இந்தத் தடவை நான் பழகி வைத்திருந்த சிரிப்பை விரித்தேன். அவர் கேமராவில் பார்த்தார். விளக்கை நகர்த்தினார். இன்னொரு தடவை பார்த்தார்.

"ஐயா, வெளிச்சம் பட்டு பல்லு மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் வாயை மூடிக்கிறீங்களா?"

கறுப்பாக இருந்தபோதும் மூடு, வெள்ளையாக இருக்கும்போதும் மூடு. என் இடத்தில் வேறு எவனாவது இருந்திருந்தால் நானே சிரித்திருப்பேன். அவருக்குப் பின்னால் நின்ற மச்சினனுக்கு அடக்க முடியவில்லை. சங்கிலியைத் தோளில் போட்டபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போட்டோக்காரர் திரும்பினார். ஒரே ஒரு படம்தான் எடுத்தார். மேனேஜர் அதை எட்டிப் பார்த்து, "இதுதான்யா சிரிப்பு. இவனையே போட்டுடுங்க" என்றார்.

மச்சினன் சாயங்காலம் என் பின்னாலேயே வந்தான். முகம் வாடியிருந்தது.

"மாமா, நான் வேணாம்னு சொல்லிடறேன். உங்க எடம் அது."

"சேச்சே, அதுல என்னடா இருக்கு மாப்ளே. நீ இருந்தா என்ன, நான் இருந்தா என்ன."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை டாக்டரம்மா பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு கச்சிதமாக வந்தது. அவனும் நிம்மதியாகிவிட்டான். பலகை வாசலில் ஏறியது. அவன் பல்சந்து மட்டுமே என் உள்ளங்கை அகலம் இருக்கும். தினமும் அதற்குக் கீழேதான் நான் சைக்கிளைப் பூட்டினேன்.

அன்றைக்குக் காலையில் நல்ல வெயில். ஒரு குழாய்க் கட்டை அடுக்கின் மேல் இறக்க வேண்டும். கட்டு உருளாமல் இருக்க அடியில் மரக்கட்டை வைப்பார்கள். அதில் ஒரு மரக்கட்டை நகர்ந்திருந்தது. மச்சினன் அதைச் சரி பண்ண அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ளே போனான். கூண்டிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. போவதற்கு முன்னால் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினான். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். காட்டிவிட்டுச் சிரித்தான். சும்மாதான், பலகையில் சிரிக்கிற மாதிரியேதான். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். நம்பாதவன் அப்படிக் குனிய மாட்டான்.

கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. விசில் என் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன். கவனக்குறைவு என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எழுதுங்கள், நல்ல வார்த்தைதான்.

ஆனால் நாளைக்கு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். விசிலைப் பற்றி நான் அவர்களிடம் கேட்டேன். அன்றைக்கே, அந்த நாற்காலியில் இருந்தபடியே கேட்டேன். "ஒரு ரப்பரை மாட்டிக் கவ்விக்கங்க. ஜிர்கோனியத்துக்கு ஒண்ணும் ஆகாது, விசில்தான் நசுங்கும்" என்றார்கள். மச்சினன் மறுநாளே எங்கிருந்தோ ஒரு ரப்பர் உறை தேடிக்கொண்டு வந்து, தன் கையாலேயே விசிலில் மாட்டியும் கொடுத்தான். இதோ, உங்கள் மேஜை மேல் இருக்கிறதே, அதுதான்.

சரி, விசில் பல்லுக்கு ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். கைக்கு யாரும் ஜிர்கோனியம் மாட்டவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். விரல் கீழே பார்த்துச் சுற்றினால் இறக்கு. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. அவ்வளவுதான் எங்கள் பாஷை. முஷ்டியை மடக்க ஒரு பல்லும் தேவையில்லை. என் கை தூக்கின தூக்காக இருந்தது. விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. கிரேன் தம்பி என் கையைத்தான் பார்த்தான். நான்தானே பார்க்கச் சொன்னேன். 'அண்ணன் கை இறக்குன்னுதான் காட்டுச்சு' என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னபோது எல்லாரும் அவனைப் பொய்யன் என்றார்கள். பொய் இல்லை. குழாய்க் கட்டு நிதானமாக, கொஞ்சமும் ஆட்டமில்லாமல், குனிந்திருந்த அவன் முதுகின் மேல் இறங்கியது. நான் கொடுத்த சைகைகளிலேயே அதுதான் சுத்தமான சைகை.

எல்லாம் முடிந்த பிறகு விசிலை எடுத்து ஊதினேன். பல்லில் நன்றாகக் கவ்வித்தான். எல்லாரும் ஓடி வந்தார்கள். பிறகு கை கழுவப் போன இடத்தில் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. டாக்டரம்மா கெட்டிக்காரர்.

வீட்டில்தான் பெரிய கஷ்டம் ஐயா. இந்தப் பல்லை வைத்துக்கொண்டு அழ முடியாது. அழுதாலும் சிரிக்கிற மாதிரியே தெரிகிறது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ளேயே வச்சுக்காதீங்க, வாய் விட்டு அழுதுடுங்க. அவன் உங்களை அப்பா மாதிரி நெனைச்சான்" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரி அவனைத் தூக்கி வளர்த்தவள்.

பலகையை இறக்கிவிட்டார்கள். செத்தவன் படத்துக்குப் பக்கத்தில் 'வீட்டில் காத்திருக்கிறார்கள்' என்று இருந்தால் நன்றாகவா இருக்கும். அந்த இடம் காலியாக இருக்கிறது, நீங்களே நின்றுகொள்ளுங்கள் என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். இனிமேல் அதற்கு வழியில்லை, தெரியும். அதற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு போட்டோவுக்காக எவனாவது இப்படிச் செய்வானா? அவன் மேல் எனக்கு எள்ளளவும் கோபம் இருந்தது கிடையாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயும் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுப்பீர்கள் என்றார்கள். எடுங்கள். உங்கள் போட்டோக்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள் ஐயா, வாயை மூடச் சொல்ல வேண்டாம் என்று.