இது என்ன நிறம்ங்க

வெள்ளி நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. காகித உறையில் பல வருடம் கிடந்தால் ஓரத்திலிருந்து தானாகவே நிறம் ஏறும். முதலில் மஞ்சள், அப்புறம் செம்பு, கடைசியில் நீலம். அந்த நிறத்துக்காகவே ஏலத்தில் போட்டி போடுவார்கள். நான் கந்தகத்தூளும் அடுப்புச் சூடும் வைத்து ஒரே மதியத்தில் அதைக் கொண்டுவந்துவிடுவேன். ஏல நிறுவனத்துக்காக நீங்கள் விசாரிக்கும் நாணயங்களை இணையத்தில் பொய்ப் பெயரில் விற்றது நான்தான்.

என் மனைவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

போலி நிறத்தைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "மஞ்சளே ஏறாமல் நீலம் வந்திருக்கிறது" என்று ஏலப் பக்கத்திலேயே எழுதிவிடுவாள். என்னுடையதில் மூன்றைப் பிடித்தாள். யாருடையது என்று அவளுக்குத் தெரியாது.

"மூணும் ஒரே ஆள் வேலைங்க. கெட்டிக்காரன், ஆனா அவசரக்காரன். விடமாட்டேன்" என்றாள், எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே.

கண்டுபிடித்தால் என்னை விட்டுப் போய்விடுவாள். எனக்கு அது ஒன்றுதான் பயம்.

அவளுடைய அப்பா சாவதற்கு முன் கொடுத்த நாணயம் ஒன்று காகித உறையோடு அலமாரியில் இருந்தது. அதே வருடத்து நாணயம் ஒன்றை அடுப்பில் வைத்து நிறமேற்றி, அந்த உறைக்குள் மாற்றிவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா குடுத்ததைக் கொஞ்சம் காட்டேன்" என்றேன்.

லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இது போலிங்க" என்றாள்.

"உங்க அப்பா உன்னை ஏமாத்துவாராம்மா? உன் கண்ணுதான் ஏமாத்துது."

அவள் அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணை விட்டுக்கொடுத்தாள். போலி என்று தான் பிடித்த நாணயங்களை விற்ற ஒவ்வொருவரிடமும் எழுதி மன்னிப்புக் கேட்டாள். என் பொய்ப் பெயருக்கும் ஒரு கடிதம் வந்தது. "பரவாயில்லை அம்மா, யாருக்கும் நேர்வதுதான்" என்று பதில் போட்டேன். அதைப் படித்துவிட்டு அழுதாள்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர். அவள் நம்பவில்லை. இப்போது எதையும் என்னைக் கேட்காமல் தொடுவதில்லை. சாலை ஓரத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, விளக்கை நேராகப் பார்த்தபடியே, "சிவப்பா, பச்சையாங்க?" என்று கேட்கிறாள்.

மாமாவின் நாணயத்தையும் விற்றுவிட்டேன். உங்கள் பட்டியலில் கடைசியாக இருப்பது அதுதான். அது மட்டும் அசல்.

இதெல்லாம் அவள் காதுக்குப் போக வேண்டாம், தாங்கமாட்டாள். அவளை நான் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன். இன்றுவரை ஒரு தடவைகூட அவளுக்கு நிறத்தை மாற்றிச் சொன்னதில்லை.