மணி அடித்ததும் சிஸ்டர் வாசலுக்குப் போனது பற்றி

மேலே எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது எழுபத்தொன்பது. கணவர் காலமாகிவிட்டார். கான்வென்டில் படித்தவள். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதவேண்டும் என்று, வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரரிடம் கேட்டுக்கொண்ட பிறகு இதைச் சொல்கிறேன்.

மேற்படி முகவரியிலுள்ள முதியோர் மருத்துவ இல்லத்தின் மாடி அறையில் சில வருடங்களாக இருந்துவருகிறேன். அடுத்த கட்டிலில் இருந்தவர் தையல் கடை நடத்தி ஓய்ந்த அம்மாள். அவரால் பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாது. எங்கள் மாடிக்கு முன்பு இரண்டு நர்ஸுகள் இருந்தார்கள். ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மிஞ்சியிருக்கும் ஒரே நர்ஸைத்தான் சிஸ்டர் என்கிறேன். இடம் பார்க்க வருகிறவர்களுக்கு வெள்ளைச் சீருடையைக் கண்டால் நம்பிக்கை வரும் என்பதால், வாசல் மணி அடித்ததும் நர்ஸ் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டுக் கீழே போய் வரவேற்பில் நிற்கவேண்டும் என்பது மேனேஜரின் ஏற்பாடு. ஒருமுறை புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டுப் போனதற்காக சிஸ்டரை எல்லார் முன்னிலையிலும் திட்டி, வார விடுப்பையும் வெட்டினார்.

சம்பவத்தன்று காலை உணவு முடிந்த பிறகு சிஸ்டர் அந்த அம்மாளைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். அப்போது வாசல் மணி அடித்தது. சிஸ்டர் தயங்கி நின்றார். அம்மாளே, "போம்மா, வாசல்ல பல்லைக் காட்டிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றார். எழுந்திருக்க வேண்டாம் என்று அவரிடமும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமும் சொல்லிவிட்டு சிஸ்டர் போனார். அதன் பிறகு வெகுநேரம் வரவில்லை. அம்மாள் குளிர்கிறது என்றதால் அழைப்பு மணியை அழுத்தினேன். அது ஒலிப்பது நர்ஸின் மேசையில். மேசையில் ஆள் இல்லை. அதன் பிறகு, நான் வாக்கரைப் பிடித்து எழுவதற்குள் அவர் தானாக எழ முயன்று விழுந்தார். நான் போட்ட கூச்சலில் சிஸ்டர் ஓடிவந்தார். மேனேஜர், இடம் பார்க்க வந்தவர்களை வேறு படிக்கட்டு வழியாக அழைத்துப் போனார். அம்மாள் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார்.

சிஸ்டர் கைபேசியில் பேசிக்கொண்டிருந்ததாக மேனேஜர் புகார் கொடுத்திருப்பதை அறிகிறேன். அது பொய். வேலைக்கு வந்ததும் நர்ஸுகளின் கைபேசியை வாங்கித் தன் மேசை டிராயரில் பூட்டிவைப்பவர் அவர்தான். விழுந்த செய்தியை அம்மாளின் மகளுக்குச் சொல்ல சிஸ்டர் கேட்ட பிறகே பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வாக்கரோடு லிஃப்டில் பின்னாலேயே போயிருந்த நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

நான் சிஸ்டருக்கு வேண்டியவள் அல்ல. அவர் என் படுக்கையை ஒருநாளும் சுருக்கமில்லாமல் விரித்ததில்லை. அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அம்மாளைத் தனியே விட்டுப் போயிருக்கக் கூடாது என்பதும் என் கருத்து. ஆனால் போகவைத்தது யார் என்பதையும் விசாரிக்கவேண்டும்.

நேற்று என் மகன் வந்து, "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்கம்மா. இங்கேருந்து அனுப்பிட்டா எங்க போவீங்க?" என்றான். "அனுப்பட்டும். அடுத்த இடத்துலயும் இதையேதான் சொல்வேன்" என்றேன்.

சிஸ்டரைக் காலையிலிருந்து ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறார்கள். மாடியில் வேறு நர்ஸ் இல்லை. மூலை அறையில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரை இன்று யாரும் புரட்டிப் படுக்கவைக்கவில்லை. சர்க்கரைக்கு ஊசி போடவேண்டியவர்கள் சாப்பிடாமல் காத்திருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே சிஸ்டரை முதலில் இங்கே அனுப்பிவைக்கவும். கேட்கவேண்டியதை ஊசி போட்டு முடித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இதை நானே வாசித்து, பிழைகளைத் திருத்தினேன். உள்ளது அத்தனையும் உண்மை. யார் சொல்லியும் சொன்னதல்ல.

(ஒப்பம்)