மணிமங்கலத்தில் நின்ற பஸ்

மூன்றாவது வகுப்போடு நின்றவன் நான். மண்ணூரில் முள்ளுக்காட்டைத் திருத்தி, கிணறு வெட்டி, மாவு மில் வைத்து, மாடி வீடும் கட்டினேன். தொண்ணூற்றொன்று ஆவணியில் தாம்பரம் பஸ்ஸில் நான் கேட்டது இது.

ஒரு நாதஸ்வரக்காரர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் கேட்டார்: "எங்க போவணும்? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

பக்கத்தில் தவிலை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்: "நாயனத்துல சொருவி ஊதுற சீவாளிண்ணே. எச்சில்ல ஊறினாத்தான் நாயனம் பேசும். மணிமங்கலம் ரெண்டு குடுங்க. எறங்கினதும் முகூர்த்தம்."

"வண்டி எக்ஸ்பிரஸ். மணிமங்கலத்துல நிக்காது. தாம்பரத்துல எறங்கி ஊதிகினே திரும்பி நடங்க."

நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கையில் எடுத்தார். "போன மாசம் லேட்டா போனோம். டேப்ரெக்கார்டர்ல கெட்டிமேளம் போட்டு தாலி கட்டிட்டாங்க. இன்னிக்கும் அப்படின்னா, ஊரூரா சுத்துற பொழப்பே முடிஞ்சுது."

"நல்லதுதான்யா. டேப்புக்குப் பந்தியில எலை போட வேணாம்."

மணிமங்கலம் கோயில் தெரு வந்ததும் மணி அடித்தது. பஸ் நின்றது. "டிரைவர் தங்கமான மனுசன்பா" என்று சொல்லிக்கொண்டே இருவரும் இறங்கி ஓடினார்கள்.

டிரைவராம், தங்கமாம். மணிக் கயிற்றை இழுத்தவன் நான். அந்தக் கல்யாணத்தில் மேளம் கொட்டியதைப் பற்றி யார் பேசினாலும் என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.